டெம்பிளர் வீரர்கள்: கதையும் வரலாறும்

மாதத்தின் 13ம் நாள் வெள்ளிக்கிழமையில் வந்தால் மேலைநாடுகளில் பலர் அஞ்சுவர். 1307ல் அப்படியொரு நாளில் டெம்பிளர் துறவு வீரர்கள் கைதானதே அதற்குக் காரணம் என்பர் சிலர். இது 20ம் நூற்றாண்டில் போடப்பட்ட முடிச்சு. மறைத்து வைத்த புதையல், இறுதி இரவுணவுக் கிண்ணம் ஆகிய கதைகளுக்கும் சான்று கிடையாது.

நடந்தது என்ன? எருசலேம் செல்லும் திருப்பயணிகளைக் கொள்ளையரிடமிருந்து காக்க, 1119ம் ஆண்டளவில், ஊக் தெ பெயன் தலைமையில் இச்சபை பிறந்தது. உறுப்பினர்கள் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய வார்த்தைப்பாடுகளை அளித்தனர், வாளும் ஏந்தினர். சிலுவைப் போர்களில் சிந்திய இரத்தத்தில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நாளடைவில் சபையிடம் நிலமும் பணமும் பெருகின. பணமுடையில் இருந்த பிரான்ஸ் மன்னர் 4ம் பிலிப், அவர்கள் கிறிஸ்துவை மறுதலித்ததாகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார். சித்திரவதை தாங்காமல் பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

1308ல் சினோன் கோட்டையில், திருத்தந்தையின் கர்தினால்கள் சபைத்தலைவர் ஜாக் தெ மோலேயை விசாரித்துப் பாவமன்னிப்பு வழங்கினர். இருந்தும் மன்னரின் நெருக்குதலால், திருத்தந்தை 5ம் கிளமெண்ட் 1312ல், குற்றத்தீர்ப்பு ஏதும் வழங்காமலே சபையைக் கலைத்தார். 1314 மார்ச்சில், தம் வாக்குமூலத்தை எல்லார் முன்னும் மறுத்த மோலே, பாரிசில் உயிரோடு எரிக்கப்பட்டார். சினோன் ஆவணம் 2001ல்தான் வத்திக்கான் காப்பகத்தில் அடையாளம் காணப்பட்டது.

புதையலைப் பற்றிப் பேசும் நாம், பொய்ச்சான்றால் மாண்ட மனிதர்களை மறந்துவிடுகிறோம். கேள்விப்பட்டதை அடுத்தவரிடம் சொல்லுமுன், அது உண்மைதானா என்று விசாரித்தோமா? எட்டாம் கட்டளை இன்றும் நம்மிடம் கேட்பது இதைத்தான்.