டொல்பின் வானின் பற்றரி ஏன் கொதித்தது? சார்ஜர் மாற்றிய அனுபவம்

உப்புவெளிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்காக நானும் மைத்துனரும் பழைய டொல்பின் வான் ஒன்றில் படுக்கை, சிறிய குசினி, மின்விசிறி எல்லாம் பூட்டி வைத்திருக்கிறோம். கடந்த பருவத்தில் ஒருநாள் சீற்றுக்கடியில் இருந்து அழுகிய முட்டை மணம் வந்தது. மறுநாள் பற்றரியைத் திறந்து பார்த்தபோது தட்டுகள் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. பற்றரிதான் பழுது என்று நினைத்தோம். ஆனால் பிழை அதற்கு மின்னேற்றும் பெட்டியில் இருந்தது.

இந்தப் பெட்டியைக் கன்வேர்ட்டர் என்பார்கள். வெளியில் இருந்து வரும் 230 வோல்ற்றை 12 வோல்ற் நேர்மின்னாக்கி, லைற், விசிறி, தண்ணீர்ப் பம்பி ஆகியவற்றுக்குக் கொடுக்கும். கூடவே பற்றரியையும் ஏற்றும். பழைய வகைகள் பற்றரி நிறைந்ததா என்று பார்க்காமல் ஒரே வோல்ற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். எங்களுடையது பழுதாகி, இரவு பகலாக 15.6 வோல்ற் கொடுத்திருக்கிறது.

எங்கள் சனத்துக்குப் பற்றரி புதிதல்ல. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றரிக்கும் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். 2006 இல் சம்பூரை விட்டு வெளியேறி, கிளிவெட்டி முகாமில் இருந்த காலத்தில், ஜெனரேற்றர் கடையில் ஏற்றிய பற்றரியைத் தறப்பாளுக்குள் தலைமாட்டில் வைத்துப் படுத்தோம். பற்றரி கொதித்தால் நிறைந்துவிட்டது என்பதுதான் அப்போதைய கணக்கு. கடைக்காரர் அதைப் பார்த்துக் கழற்றிவிடுவார், அதனால் அது சரிவந்தது. நாள்முழுக்க இணைப்பிலேயே நிற்கும் வானில் அதே கொதிப்பு ஆபத்து. வெளிவருவது ஐதரசன் வாயு. காற்றில் 4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். முட்டை மணம் வந்தால் கதவுகளைத் திறந்து, ஆட்களை இறக்கி, வெளி மின்சாரத்தை வெளியிலேயே நிறுத்துங்கள். மணம் போகும்வரை பற்றரிக் கவ்வியில் கை வைக்க வேண்டாம். கழற்றும்போதும் பொறி வரும்.

பெட்டியை மாற்றுவதற்கு முன் மீற்றர் வைத்துப் பாருங்கள். சில மணிநேரம் ஓய்வில் இருந்த ஈயப் பற்றரியில் 12.6 அல்லது 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. சார்ஜரைப் போட்ட பிறகும் 12 சொச்சத்திலேயே நின்றால் முதலில் பியூசைப் பாருங்கள். நேர், எதிர் வயரை மாற்றிக் கொடுத்தால் எரிவதற்கென்றே பல கன்வேர்ட்டர்களில் தனிப் பியூஸ் இருக்கிறது. ஒரு பியூசுக்காக முழுப் பெட்டியையும் எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாங்கும்போது மூன்று கட்டமாக ஏற்றுவதாக வாங்குங்கள்: ஏறக்குறைய 14.4 வரை ஏற்றி, அங்கே சிறிதுநேரம் பிடித்து, பிறகு 13.5 அளவுக்கு இறக்கிவிடும். 100 அம்பியர்-மணி பற்றரிக்கு 10 முதல் 20 அம்பியர் போதும். லித்தியம் பற்றரி என்றால் அதற்குரிய தெரிவு அதில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இருந்து உறவுகள் அனுப்பும் பெட்டிகளில் சில 120 வோல்ற்றுக்கு மட்டுமானவை. எங்கள் பிளக்கில் போட்ட கணமே புகை வரும்.

பூட்டும்போது வெளி மின்சாரத்தையும் சூரியத்தகட்டையும் முதலில் துண்டித்து, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அது கடைசி. கழற்ற முன் கைபேசியில் படம் எடுத்து வைப்பது பெரிய உதவி. 230 வோல்ற் பக்கம் தெரியாதவர் கை வைக்கக் கூடாது. அந்தப் பக்கத்துப் புவி வயர் வானின் உடலோடு சேர்ந்திருக்க வேண்டும், ட்ரிப் சுவிட்ச்சும் வேண்டும்.

வயரில் நாங்கள் கஞ்சத்தனம் பார்த்து ஏமாந்தோம். பெட்டிக்கும் பற்றரிக்கும் 3 மீற்றர் தூரம், போக வர 6 மீற்றர். 6 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 அம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.37 வோல்ற் வழியிலேயே போய்விடும். 10 சதுர மில்லிமீற்றராக மாற்றி, பற்றரிக்குப் பக்கத்தில் 30 அம்பியர் பியூஸ் வைத்தோம். பெட்டியைப் பற்றரி அறைக்கு வெளியே, காற்றோடும் இடத்தில் பொருத்தினோம். திருமலைக் கடற்காற்றில் செப்பு பச்சை பிடிக்க அதிக நாள் எடுக்காது; முனைகளுக்கு வசலின் பூசியிருக்கிறோம்.

இப்போது இரவில் வான் இணைப்பில் நிற்கும்போது மீற்றர் 13.5 காட்டுகிறது. காலையில் பார்க்கும்போதும் அதேதான்.