எதிரொலியை வேலைக்கு வைத்த பொள்ளாச்சிக்காரர்

நம்ம மேல்விஷாரத்தில் வீடுகள் நெருக்கம். டவரிலிருந்து கிளம்பும் சிக்னல் நேராகப் போனுக்கு வர்றது அபூர்வம். சுவரில் பட்டு, தண்ணீர் டேங்கில் பட்டு, தோல் ஷெட் கூரையில் பட்டு, பல வழியாகச் சிதறித்தான் வருது. ரேடியோ எஞ்சினியர்கள் ரொம்ப காலம் இந்தச் சிதறலை எதிரியாகவே பார்த்தாங்க. அதுக்கு வேலை கொடுத்தவர் 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ்.

கதை கடலில் தொடங்குது. 1971 டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹாங்கோர் நம்ம ஐஎன்எஸ் குக்ரியை மூழ்கடித்தது. 194 பேர் இறந்தாங்க. நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க நல்ல சோனார் வேணும்னு கடற்படை உணர்ந்தது. கடற்படை அதிகாரியான பால்ராஜ் தலைமையில் பிறகு 'அப்சோ' சோனார் இந்தியாவிலேயே உருவாச்சு. சோனாருக்கு ஒரு காது இல்லை, பல காதுகள். ஒவ்வொன்றுக்கும் ஒலி கொஞ்சம் முன்னபின்ன வந்து சேரும். அந்த வித்தியாசத்தை வைத்து எது எங்கிருந்து வருதுன்னு கணக்குப் போடலாம்.

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்டான்ஃபோர்டு போனவர், அங்கே ஆன்டெனாக்களை வைத்து ஒரே அலைவரிசையில் வரும் சிக்னல்களைப் பிரிக்கும் ஆய்வில் இறங்கினார். சிக்னல் சிதறினால் பிரிப்பது சுலபமாகுதுன்னு கவனித்தார். அப்படின்னா, ஒரே அலைவரிசையில் வேண்டுமென்றே பல சிக்னல்களை அனுப்பினால் என்ன? 1992-இல் தாமஸ் கைலாத்துடன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-இல் கிடைத்தது. இன்று இதற்குப் பெயர் மைமோ.

கணக்கைப் பாருங்க. சிக்னல் இரைச்சலைவிட 15 மடங்கு பலமாக இருந்தால், ஷானன் சூத்திரப்படி ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 4 பிட் போகும். வாங்கும் பக்கம் மட்டும் 4 ஆன்டெனா வைத்தால் பலம் 60 மடங்கு. ஆனால் கொள்ளளவு ஏறக்குறைய 6 பிட்தான். காரணம், அது மடக்கைக் கணக்கில் மெதுவாக ஏறும். அனுப்பும் பக்கமும் 4 வைத்து, அதே மொத்த சக்தியைப் பங்கு போட்டால், பாதைகள் நன்றாக வேறுபட்டிருக்கும்போது 16 பிட் வரை போகலாம். கூடுதல் அலைவரிசை வாங்கவே வேண்டாம்.

ஆரம்பத்தில் பலர் நம்பவில்லை. பெல் லேப்ஸில் டெலடாரும் ஃபோஷினியும் 1990-களின் நடுவில் கணிதத்தை உறுதிப்படுத்தினாங்க. பால்ராஜ் 1998-இல் தொடங்கிய ஐயோஸ்பான் நிறுவனத்தை 2003-இல் இன்டெல் வாங்கியது. அப்புறம் வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாத்திலும் மைமோ வந்தது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு.

இதை 'அமெரிக்கா போய் ஜெயித்த தமிழர்' கதையாகச் சுருக்கிச் சொல்வாங்க. எனக்கு அதில் சம்மதம் இல்லை. பல காதுகளால் கேட்கும் பயிற்சி அவருக்கு இங்கே, கடற்படை வேலையில் கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டு அதற்கு இரண்டாம் பாதி. அடுத்த எபிசோடில் ஷானனின் 1948 கட்டுரையைப் பார்ப்போம்.