மேடைக்குப் பின்னால் ஆர் போகலாம்?

நடனம் பழகும் பிள்ளைகளை ஒரு பாலே குழுவின் மேடைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது இண்டைக்குப் பல நாடுகளில் வழமையான விசயம். ஒத்திகை அறை, உடுப்புத் தைக்கிற இடம், புதுச் சப்பாத்தைத் தட்டி வளைத்து இளக்கிக்கொண்டிருக்கிற ஆட்டக்காரி எண்டு ஒவ்வொண்டாய்ப் பார்த்துப் பிள்ளையள் வாயைப் பிளந்துகொண்டு நிப்பினம். ஆனால் அந்தப் பின்கதவு எப்பவும் பிள்ளைகளுக்காகத் திறந்ததில்லை. பாரிஸ் ஒபேராவில் அது ஏறக்குறைய நூறு வருசம் வேற ஆக்களுக்குத்தான் திறந்து கிடந்தது.

1831இல் லூயி வெரோன் என்பவர் ஒபேராவை நடத்தும் பொறுப்பை எடுத்தார். அரச மானியம் கிடைத்தாலும் லாபமும் நட்டமும் அவர் தலையில்தான். காசுள்ள ஆண்களை இழுக்க அவர் பிடித்த வழி, ஆட்டக்காரிகள் மேடையேற முன்னர் உடம்பைத் தயார்ப்படுத்தும் கூடத்துக்குள் சந்தாக்காரரை வர விடுவது. 1875இல் கார்னியே மாளிகை திறக்கப்பட்டபோது இந்த ஏற்பாடு கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கட்டடக் கலைஞர் சார்ள் கார்னியே மேடைக்கு நேர் பின்னால் தங்கப் பூச்சும் பெரிய கண்ணாடியுமாக ஒரு நடனக் கூடம் கட்டினார். ஆட்டக்காரிகள் பயிற்சி செய்ய அங்கே கம்பிகள் இருந்தன. கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட கனவான்கள் நிண்டு பார்க்க இடமும் இருந்தது.

இவர்கள் சும்மா பார்வையாளர்கள் இல்லை. 1861இல் வாக்னரின் 'தான்ஹொய்சர்' பாரிசில் மேடையேறியபோது பாலே முதலாம் அங்கத்திலேயே வந்துவிட்டது. ஜொக்கி கிளப் ஆக்கள் ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்து இரண்டாம் அங்கத்துக்குத்தான் வருவினம். தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரிகளைப் பார்க்க முடியவில்லை எண்ட கோபத்தில் விசிலடித்துக் கூச்சல் போட்டார்கள். 3 காட்சிகளோடு அந்த ஒபேரா நிறுத்தப்பட்டது. வாக்னருக்கே இந்த நிலை எண்டால், அந்தக் கூடத்தில் நிண்ட சின்னப் பிள்ளைகளின் நிலையை யோசிச்சுப் பாருங்கோ.

அந்தப் பிள்ளைகளைப் பாரிசில் 'சின்ன எலிகள்' எண்டு கூப்பிடுவார்கள். கனபேர் ஏழைக் குடும்பங்கள். அவர்களில் ஒருத்தி மரீ வான் கோத்தெம். பெல்ஜியத்தில் இருந்து வந்த குடும்பம், தாய் துணி வெளுப்பவர். 1878இல் மரீ ஒபேராவின் நடனப் பள்ளியில் சேர்ந்தாள். ஓவியர் எட்கார் டெகாவுக்கு மாதிரியாக நிண்டும் கொஞ்சம் உழைத்தாள். டெகா அவளை மெழுகில் வடித்து, உண்மையான துணிப் பாவாடையும் சப்பாத்தும் போட்டு 1881இல் காட்சிக்கு வைத்தார். 'பதினான்கு வயதுச் சின்ன ஆட்டக்காரி' எண்டு இண்டைக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச சிலை அதுதான். அண்டைக்கு விமர்சகர்கள் சிலர் அவளைக் குரங்கோடு ஒப்பிட்டார்கள். முகத்திலேயே கெட்ட குணம் தெரியுதாம். அடுத்த வருசமே, வகுப்புகளுக்கு ஒழுங்காக வராத காரணத்தால், ஒபேரா அவளை வேலையால் நிப்பாட்டியது. அதுக்குப் பிறகு மரீயின் வாழ்க்கை பற்றிய தடயம் மிகக் குறைவு. அவளின் தங்கச்சி மட்டும் ஒபேராவிலேயே தங்கி, ஆட்டக்காரியாகி, பிறகு ஆசிரியையும் ஆனாள்.

பின்பக்கத்துக்கு வந்து போன அத்தனை கண்களும் மரீயைப் பார்த்தன. அவள் ஏன் வகுப்புக்கு வரவில்லை, வீட்டில் என்ன நிலைமை எண்டு கேட்கும் பொறுப்பு அந்தக் கண்கள் ஒண்டுக்கும் இருக்கவில்லை. காசு கட்டினால் பார்க்கலாம், அவ்வளவுதான் ஒப்பந்தம்.

1914 தொடக்கம் ஒபேராவை நடத்திய ஜாக் ரூஷே காலத்தில்தான் சந்தாக்காரருக்கு அந்தக் கூடம் மூடப்பட்டது. பிறகு 1987இல் நடனப் பள்ளி நான்தேருக்கு, தனக்கெண்டு கட்டிய இடத்துக்குப் போனது. இப்ப மாணவர்கள் கார்னியே மேடையிலேயே, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, தங்கள் வகுப்பைச் சபைக்கு முன்னால் செய்து காட்டுகிறார்கள். பார்ப்பது இப்பவும் நடக்குது. ஆனால் பார்க்கக் கிடைப்பது பிள்ளையின் உழைப்பு. பிள்ளைக்குப் பக்கத்தில் பொறுப்பான ஒரு ஆளும் நிக்கிறார்.

ஒபேராவில் 'தெஃபிலே' எண்டு ஒரு அணிவகுப்பு உண்டு. மேடையின் பின்திரை விலக, பழைய நடனக் கூடம் முழுசாய்த் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் முதலில், பெரிய ஆட்டக்காரர்கள் பின்னால் எண்டு, எல்லாரும் அந்தக் கூடத்துக்குள் இருந்து நடந்து மேடை விளிம்புக்கு வருவார்கள். தொப்பிக்காரர் நிண்ட அதே தரையில் இருந்துதான் நடை தொடங்குது.

எங்கட ஊர்களிலும் நடன வகுப்புகள் இருக்கு, மேக்கப் அறைகள் இருக்கு, அதுக்குள் உரிமையோடு நுழைகிற 'பெரிய மனுசர்' இருக்கினம். பிள்ளைகளைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போங்கோ, கட்டாயம் போங்கோ. ஆனால் அங்கே பார்க்கப் போறது பிள்ளையா, பார்க்கப்படப் போறது பிள்ளையா எண்டு முதலே ஒருக்கா கேட்டுக்கொள்ளுங்கோ.