புழல் கோட்டத்திலிருந்து ஆரம்பாக்கம் வரை

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் பெருவழி, புழல், செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் ஆகிய ஊர்களைக் கடந்து ஆரம்பாக்கத்தில் தமிழகத்தின் வட எல்லையை அடைகின்றது. அதற்கப்பால் தடா; ஆந்திர நாடு. இன்று இவ்வழியில் செல்வோர் காண்பவை சரக்குக் கிடங்குகளும், சிப்காட் தொழிற்சாலைகளும், வயல் நடுவே நடப்பட்ட மனைப்பிரிவுக் கற்களுமே. ஆயின் இப்பெருவழி தொடங்கும் பகுதி, தொண்டை மண்டலச் சமணத்தின் தொன்மையான நிலைக்களங்களுள் ஒன்றாகும்.

தொண்டை மண்டலம் இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் புழல் கோட்டமும் ஒன்று. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் குறும்பர் வரலாறு ஒன்று காணப்படுகிறது. புழலைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட குறும்பர்க்குச் சமண முனிவர் ஒருவர் அறம் உரைத்தார் என்றும், அங்கே ஜினாலயம் எழுந்தது என்றும், பின்னர் ஆதொண்டைச் சோழன் குறும்பரை வென்றான் என்றும் அது கூறும். சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராயிருந்த குஸ்தவ் ஆப்பெர்ட், 1893-இல் வெளியிட்ட தம் நூலில் இச்செய்திகளை எடுத்தாண்டார். திருமுல்லைவாயில் சிவாலயத்தின் எருக்கந் தூண்கள் புழல் கோட்டையிலிருந்து வந்தவை என்பதும் அவ்வட்டாரத்து மரபே. இவற்றில் வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்று பிரித்தல் எளிதன்று. எனினும், வென்றோர் கதையும் தோற்றோர் கதையும் ஒருங்கே புழலைச் சுட்டுவதைப் புறக்கணிக்க இயலாது.

கோட்டை மறைந்தது. ஏரி, 19ஆம் நூற்றாண்டில் சென்னையின் குடிநீருக்காகப் பெரிதாக்கப்பட்டது. ஆதிநாதர் ஆலயம் மட்டும் நின்றது. இன்று அது சுவேதாம்பர மரபினரின் பராமரிப்பில், கேசர்வாடி என்னும் பெயரால் வடநாட்டு யாத்திரிகர் பலர் நாடிவரும் திருத்தலமாக விளங்குகிறது. வழிபாட்டு முறை மாறியிருக்கலாம்; விளக்கு அணையவில்லை. அதனாலேயே, 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து புழலையும் உள்ளடக்கியபோது, அவ்வாலயம் இருக்கிறதா என்று எவரும் தேட வேண்டியிருக்கவில்லை.

மயிலைக்கு இப்பேறு வாய்க்கவில்லை. அங்கே கடற்கரையில் நேமிநாதர் திருக்கோயில் இருந்தது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டது அப்பெருமானை முன்னிட்டே. அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியும் அவரையே பாடுகிறது. கடல் பெருகியபோது திருமேனி மேல்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது தமிழ்ச் சமணர் மரபு. சாந்தோமில் கிடைத்த துண்டுக் கல்வெட்டொன்றில் நேமிநாத சுவாமியின் பெயர் காணப்படுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1954-இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' நூலில் இச்சான்றுகளைத் தொகுத்துத் தந்திரார் எனின், கோயில் இருந்தது என்பதே பலர்க்கு ஐயமாகியிருக்கும். மயிலையில் இன்று ஒரு சதுர அடி மனையின் விலை கேட்டு மலைப்போர், அம்மண்ணில் ஒரு ஜினாலயம் நின்றதை அறியார்.

நகரத்தின் பழமையைக் காக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. மத்திய அரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்குத் தொடுக்கப்பட்டு, அது உயர்நீதிமன்றத்தால் காக்கப்பட்டது. மாநிலத்தின் மரபுச் சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டும், நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. ஆயின் இவையனைத்தும் பட்டியலில் ஏறியவற்றுக்கே அரண். ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ தனித்து அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் சிலைக்குப் பட்டியலில் இடமேது? ஊரார் அதனைப் புத்தர் என்றும் முனி என்றும் வணங்கும் வரை பாதுகாப்பு உண்டு. ஊரே மனையாகிவிட்டால் அதுவும் இல்லை.

2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. வடக்கே கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கும், எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்கு வருவோர்க்கு வீடு வேண்டும். ஆரம்பாக்கத்து நிலத்திற்கும் விலை ஏறும். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரங்களிலிருந்து பிழைப்பை நாடிப் பெருநகர் வந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களும் மனை வாங்குவோர் வரிசையில் நிற்பவையே. வளர்ச்சியைக் குறை கூறிப் பயனில்லை.

கடைக்கால் தோண்டுகையில் சிலையோ காசோ கிடைத்தால், அதன் மதிப்பு பத்து ரூபாயைக் கடந்தாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். சிலை அருங்காட்சியகம் சேரலாம். ஆனால் அது நின்ற நிலத்தின் பெயர் எங்கும் சேர்வதில்லை. சமணப் பள்ளிகளுக்கு இறையிலியாக விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. அத்தகைய பழம்பெயர்கள் வயலின் பெயராய், வாய்க்காலின் பெயராய் வழங்கிவந்தவை. மனைப்பிரிவு ஒப்புதல் பெற்றதும் அவ்விடத்தில் ஏதோவொரு நகரின் பெயரும் மனை எண்ணும் வந்துவிடுகின்றன. பழம்பெயர் எஞ்சியிருக்கக்கூடிய இடம் தாய்ப்பத்திரத்தின் நான்கெல்லை விவரமே. மனை வாங்குவோர் வில்லங்கம் உண்டா என்று மட்டும் பார்த்து, அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர்.