மூன்றரை ரூபாய் வராகன்: ஆற்காடு, ஆரணி வட்டாரத்து நாணயமாற்று விகிதம் குறித்து ஒரு மறுபார்வை

ஆரணியிலிருந்து ஆற்காடு ஒரு நாள் நடைதூரம். 18ஆம் நூற்றாண்டில் அந்த வழியில் நடந்தவர் மடியில் மூன்று உலோகங்கள் இருந்திருக்கலாம்: தங்க வராகன், வெள்ளி ரூபாய், செப்புக் காசு. 1818இல் கிழக்கிந்தியக் கும்பினி அரசு வெள்ளி ரூபாயைச் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமாக்கியது. 100 நட்சத்திர வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்று விகிதத்தையும் நிர்ணயித்தது. அன்று முதல் வராகனின் மதிப்பு மூன்றரை ரூபாய் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இந்த மூன்றரை கணக்கேட்டில் பிறந்த எண் என்பதும், தங்கத்தின் விலையை அது காட்டவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில், எந்த நாணயம் எவருடையது என்று பார்க்க வேண்டும். வராகன் விஜயநகர மரபில் வந்தது. வரிக் கணக்கும் பெருவணிகக் கணக்கும் அதில்தான் எழுதப்பட்டன. ரூபாய் முகலாயர் வழியில் வந்தது. அது ஆற்காட்டு நவாபின் நாணயம், படைவீரர் சம்பளத்தின் நாணயம். 1751 டிசம்பரில் ஆரணிப் போரில் சந்தா சாகிபின் மகன் ரசா சாகிபின் படை தோற்றபோது, கும்பினிப் படைத்தலைவர் கிளைவுடன் வந்த மராட்டியர் கைப்பற்றிய படைக் கருவூலத்தில் 1,00,000 ரூபாய் இருந்ததாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். ஆற்காட்டு ரூபாயை அச்சிடும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் 1736இலும் ஆங்கிலேயர் 1742இலும் பெற்றிருந்தனர். முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் இறந்த பிறகும் பல ஆண்டுகள் சென்னை ரூபாய் அவர் பெயரையே தாங்கி வந்தது. வாங்குபவர் பழகிய முத்திரையை நம்பினார். அச்சிட்டவர் அந்த நம்பிக்கையை மாற்றத் துணியவில்லை.

வராகன், ரூபாய் இரண்டுக்கும் கீழே சந்தையின் நாணயங்களான பணமும் காசும் இருந்தன. 80 காசு ஒரு பணம். வராகனுக்கு 36 பணம் என்றிருந்த சென்னைக் கணக்கு பின்னர் 42 ஆனது. கடைவீதியில் 44, 45 என்றும் ஏறியது. கணக்கு விகிதத்துக்கும் கடை விகிதத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை மக்கள் ‘வட்டம்’ என்றனர். நாணயம் மாற்றித் தரும் சராப்புக் கடையின் பிழைப்பு அதில் இருந்தது. மெல்லிய மஸ்லினுக்குப் பேர்பெற்ற ஆரணி போன்ற ஊரில் பணத்தில் கூலி வாங்குபவர் 10 வராகன் கடனை அடைப்பதாக வைத்துக்கொள்வோம். 42 என்றால் 420 பணம் போதும். 45 என்றால் 450 வேண்டும். கூடுதல் 30 பணம் என்பது 2,400 காசு. தறியில் ஓரிழைகூடப் பிசகாமலே கடன் கூடிவிடுகிறது. நாணயமாற்று வரலாற்றை இந்த இடத்திலிருந்து படிப்பதே முறை.

இனி மூன்றரைக்கு வருவோம். நட்சத்திர வராகனில் ஏறத்தாழ 42 கிரெயின் பசும்பொன் உண்டு. 1818இன் புதிய ரூபாய் 180 கிரெயின் எடை. அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. அப்படியானால் மூன்றரை ரூபாயில் உள்ள வெள்ளி 577½ கிரெயின். தங்கம் ஒன்றுக்கு வெள்ளி ஏறத்தாழ 13¾ என்றாகிறது. ஆனால் அதே சீர்திருத்தம் அதே எடையிலும் அதே மாற்றிலும் ஒரு தங்க ரூபாயை வெளியிட்டு, அதற்கு 15 வெள்ளி ரூபாய் என்று விலை வைத்தது. அந்த விகிதப்படி வராகனின் பொன்னுக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 82 பைசாவுக்கு ஈடான வெள்ளி கிடைத்திருக்க வேண்டும். ஒரே சீர்திருத்தத்தில் இரண்டு விகிதங்கள். இடைவெளி 8 விழுக்காட்டுக்கு மேல்.

அன்றைய சந்தையில் வெள்ளியைப் பார்க்கத் தங்கம் மலிவாக இருந்திருக்கலாம் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அப்படியிருந்தால் 15 என்ற விகிதத்துக்கு விளக்கம் இல்லாமல் போகும். மூன்றரையின் மூலம் வேறிடத்தில் தெளிவாகவே இருக்கிறது. கும்பினிக் கணக்கில் ரூபாய்க்கு 12 பணம், வராகனுக்கு 42 பணம். 42ஐ 12ஆல் வகுத்தால் மூன்றரை. 1807இல் வந்த வெள்ளி அரை வராகனும் இதற்குச் சான்று. கோபுரமும் விண்மீன்களும் பொறித்து, தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பெழுதிய அந்த நாணயம் ஏறத்தாழ 21 கிராம். பொன்னின் பெயரை வெள்ளி ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘வராகன்’ என்பது பொன் நாணயத்தின் பெயர் மட்டும் அல்ல, கணக்கில் ஓர் அலகும்கூட.

இழப்பு யாருக்கு? வராகனில் எழுதிய மானியமும் உதவித்தொகையும் பெற்றவருக்கு. செலுத்த வேண்டியவருக்கு ஏட்டளவில் ஆதாயம். மாற்று விகிதம் எதுவானாலும் கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே ஒரு பங்கீடு நிகழ்ந்தே தீரும்.

கிழக்கு ஆப்பிரிக்கா இதையே எதிர்த்திசையில் காட்டுகிறது. அங்கே புழங்கிய ரூபாய் 15க்கு ஒரு பவுன், அதாவது 1 ஷில்லிங் 4 பென்னி என்றிருந்தது. முதல் உலகப்போரை ஒட்டி வெள்ளி விலை ஏறியது. 1920இல் ரூபாய்க்குப் பதில் 2 ஷில்லிங் மதிப்புள்ள புளோரின் வந்தது. விரைவிலேயே கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் அதன் இடத்தைப் பிடித்தது. ரூபாயில் கடன்பட்டவரின் சுமை, பவுன் கணக்கில், பழைய விகிதத்தைவிட ஒன்றரை மடங்கானது. சென்னையில் கடனாளிக்குச் சாய்ந்த தராசு அங்கே கடன் கொடுத்தவர் பக்கம் சாய்ந்தது. இரண்டு இடத்திலும் விகிதத்தை எழுதியது அரசின் பேனா.

ஆரணி இன்று பட்டு ஊர். வெள்ளி இழையில் பொன் பூசிய ஜரிகை ஊடையோடு ஓடும்போது, பழைய இரண்டு உலோகங்களும் ஒரே நூலில் சேர்கின்றன. பொன் வெள்ளி விலை ஏறினால் ஜரிகை விலை ஏறும். பேசி வைத்த கூலி அதனால் மட்டும் ஏறுவதில்லை. வராகன் போய்விட்டது, சராப்பும் போய்விட்டார். இருப்பினும் ஒரு விகிதத்தைப் படிக்கும்போது, அந்த எண்ணை எழுதியவர் யார், அதில் கூலி வாங்கியவர் யார் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். அந்தக் கேள்வி விடுபட்டால், மூன்றரை என்பது நாணய அட்டவணையில் ஒரு வரியாகவே நின்றுவிடும்.