குறை யாருடையது?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளையும் 800 சிவப்பு மணிகளையும் நன்றாகக் கலந்து வையுங்கள். 50 குழிகள் உள்ள ஒரு பலகையை அதில் அமிழ்த்தி எடுத்தால், ஒரே தடவையில் 50 மணிகள் வந்துவிடும். வெள்ளை மணி நல்ல பொருள். சிவப்பு மணி குறையுள்ள பொருள். நண்பர்கள் அறுவரைத் தொழிலாளர்களாக அமர்த்தி, “சிவப்பு மணி வரவே கூடாது” என்று கட்டளையிடுங்கள். ஒருவருக்கு 6 சிவப்பு மணிகள் வரும்; இன்னொருவருக்கு 14 வரும். முதல்வரைப் பாராட்டி, மற்றவரைக் கண்டியுங்கள். அடுத்த சுற்றில் பாராட்டுப் பெற்றவரே 13 சிவப்பு மணிகளோடு வந்து நிற்கக்கூடும்!

அதற்குள் அவர் சோம்பேறியாகிவிட்டாரா? இல்லை. பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு மணிகள் அல்லவா? பெட்டியை நிரப்பியவர் தொழிலாளி அல்லர்.

இச்சோதனையை நிர்வாகிகளுக்கு நடத்திக் காட்டி வந்தவர், அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் (1900–1993). ‘முழுமைத் தர மேலாண்மை’ என்று இன்று வழங்கும் முறையின் கரு இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது வளர்ந்த வரலாற்றைக் காண்போம்.

ஒரு பக்கக் குறிப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆலைகளில் தரம் என்பது சோதனையாளரின் வேலை. பொருள்களைச் செய்து முடித்த பின்னர், நல்லவற்றையும் குறையுள்ளவற்றையும் அவர் பிரித்து வைப்பார். குறைப்பொருளை ஒதுக்கிவிடலாம், அதற்குச் செலவான உலோகமும் உழைப்பும் திரும்பி வருமா?

சிகாகோவுக்கு அருகே தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாதார்ன் ஆலை, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்குரியது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட், 1924 மே 16 அன்று தம் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பை அனுப்பினார். அதில் ஒரு சிறிய வரைபடம் இருந்தது. அதுவே முதல் ‘கட்டுப்பாட்டு வரைபடம்’.

ஒரே இயந்திரத்தில் ஒரே ஆள் செய்தாலும் இரண்டு பொருள்கள் முற்றிலும் ஒன்றுபோல் அமைவதில்லை. இவ்வேறுபாடு இருவகைப்படும் என்றார் ஷூஹார்ட். வேலைமுறையிலேயே ஊறிக் கிடப்பது ஒன்று. கருவி பழுதாவது போன்ற தனிக் காரணத்தால் நேர்வது மற்றொன்று. இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது?

நம் மணிகளையே எடுத்துக்கொள்வோம். 50 மணிகளில் சராசரியாக 10 சிவப்பு மணிகள் வரவேண்டும். 50 × 0.2 × 0.8 = 8. இதன் வர்க்கமூலம் சுமார் 2.83; இதைத் திட்ட விலக்கம் என்பர். இதன் மூன்று மடங்கு, அதாவது சுமார் 8.5, சராசரிக்கு மேலும் கீழும் எல்லையாகும். எனவே 1.5 முதல் 18.5 வரை எது வந்தாலும் அது பெட்டியின் இயல்பே. 6-உம் 14-உம் இதற்குள் அடங்குகின்றன. பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் அங்கே இடமில்லை. ஒருவருக்கு 22 வந்தால், அப்போது தனிக் காரணத்தைத் தேடலாம்.

டோக்கியோவில் விளைந்த பயிர்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் பலர் இம்முறையைக் கற்றனர். போர் முடிந்ததும் அது மெல்ல மறக்கப்பட்டது. செய்ததெல்லாம் விற்றுப்போன காலம் அது. மேலும், கற்றவர்கள் பொறியாளர்களே, நிர்வாகிகள் அல்லர்.

ஜப்பானின் நிலையோ வேறு. நகரங்கள் அழிந்து கிடந்தன. உணவும் மூலப்பொருளும் வாங்க ஏற்றுமதி வேண்டும். ஜப்பானியப் பொருள் என்றாலோ மட்டமானது என்று உலகம் எண்ணியது. 1946-இல் தோன்றிய ஜப்பான் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் ஒன்றியம் 1950-இல் டெமிங்கை அழைத்தது. அவர் பொறியாளர்களுக்கு எட்டு நாள் வகுப்பு நடத்தியதோடு நிற்கவில்லை; ஜூலை மாதத்தில் டோக்கியோவில் முன்னணித் தொழிலதிபர்களையும் சந்தித்துப் பேசினார். மூலப்பொருள் தருபவர் முதல் வாங்கிப் பயன்படுத்துபவர் வரை எல்லாம் ஒரே சங்கிலி என்று விளக்கினார். தம் விரிவுரை நூலால் வந்த தொகையை அவர் ஒன்றியத்துக்கே வழங்க, 1951-இல் ‘டெமிங் பரிசு’ பிறந்தது.

1954-இல் வந்த ஜோசப் ஜூரன், தரம் நிர்வாகத்தின் கடமை என்பதை மேலும் வலியுறுத்தினார். வடிவமைப்பு, கொள்முதல், விற்பனை என எல்லாத் துறைகளுக்கும் தரத்தில் பங்கு உண்டு என்ற ஆர்மண்ட் ஃபைகன்பாம், இதை ‘முழுமைத் தரக் கட்டுப்பாடு’ என்றார். பேராசிரியர் இஷிகாவாவின் முயற்சியால் 1962-இல் ‘தர வட்டங்கள்’ தொடங்கின. தொழிலாளர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து, தங்கள் பணியிடத்துக் குறைகளின் காரணங்களைத் தாங்களே ஆராய்ந்தனர். அவர் வகுத்த மீன்முள் படம் அதற்கு உதவியது.

ஜப்பானியக் கார்களும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் தன் சந்தையை நிரப்பிய பின்னரே அமெரிக்கா விழித்தது. 1980-இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, டெமிங்கை அவருடைய நாட்டினருக்கே அறிமுகப்படுத்தியது!

நம் நாட்டில்

1947–48-இலேயே ஷூஹார்ட் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் அழைப்பில் இங்கு வந்து விளக்கினார். ஆயினும் டெமிங் பரிசை ஓர் இந்திய நிறுவனம் முதன்முதலில் பெற்றது 1998-இல்தான். அது அன்று சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு. விதைக்கும் அறுவடைக்கும் இடையே அரை நூற்றாண்டு!

ஒரு நிறுவனத்தில் இம்முறையை எவ்வாறு தொடங்குவது? சுவரில் முழக்கங்களை எழுதி வைத்தால் போதாது. அவற்றை அகற்றுங்கள் என்றே டெமிங் கூறினார். முதலில் அச்சத்தைப் போக்க வேண்டும். தண்டனைக்கு அஞ்சுபவர் குறையை மறைப்பார். மறைந்த குறையைத் திருத்த முடியாது. பிறகு அளந்து பார்க்க வேண்டும். திட்டமிட்டு, சிறிய அளவில் செய்து, விளைவைச் சரிபார்த்து, முறையைத் திருத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். இச்சக்கரம் நிற்கக் கூடாது. குறைகளுள் 94 விழுக்காடு அமைப்பு முறையைச் சேர்ந்தவை என்பது டெமிங்கின் மதிப்பீடு. அமைப்பை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடமே இருப்பதால், மாற்றமும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வகுப்பில் ஒருவர் மட்டும் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டால், காரணத்தை அவரிடம் தேடலாம். பாதி வகுப்பும் அதே கணக்கில் தவறினால் எங்கே தேட வேண்டும்? சிவப்பு மணிகளை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். பெட்டியைத் திறந்து பாருங்கள்.