கூத்து மேடையில் ஒரு பெண் துரியோதனன்

விழுப்புரத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு, ஏறக்குறைய பாதி வழியில் கண்டமங்கலம் வரும். ஜன்னலோரம் தூங்கி வழிகிறவர்கள் லேசாகக் கண் திறந்து, 'பாண்டி நெருங்கிடுச்சு' என்று சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்துகொள்ளும் ஊர்! ஆனால், தமிழ் மேடையின் வரலாற்றைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த ஊர் இருக்கும் இடம் கொஞ்சம் விசேஷமானது.

சாலையின் கிழக்கு முனையில், புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. நாடகக்காரர்கள் இன்றும் 'தலைமை ஆசிரியர்' என்று கும்பிடுகிற மனிதர். 1922-ல் புதுச்சேரியில்தான் அவர் காலமானார். வடமேற்கே போனால் செஞ்சி. அதற்குப் பக்கத்தில் மேலச்சேரி. வட தமிழ்நாட்டு திரௌபதி அம்மன் வழிபாட்டுக்கு மூலக்கோயில் என்று கருதப்படும் கோயில் அங்கேதான். ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் இந்த வழிபாட்டைப் பற்றி 1988-ல் தடித்தடியான ஆராய்ச்சி நூல் எழுத ஆரம்பித்ததே செஞ்சியை மையமாக வைத்துத்தான். திரௌபதி அம்மன் இருக்கும் இடத்தில் பாரதக் கூத்து இல்லாமலா?

ஆக, ஒரு பக்கம் கம்பெனி நாடகம், இன்னொரு பக்கம் கூத்து. இரண்டுக்கும் நடுவே கண்டமங்கலம்!

இந்த இரண்டு மேடைகளுக்கும் பொதுவான ஒரு சங்கதி உண்டு. இரண்டிலும் ரொம்ப காலம் சீதையும் திரௌபதியும் ஆண்கள்தான். கம்பெனி நாடகத்தில் அதற்கு 'ஸ்திரீ பார்ட்' என்று பெயர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்தே ஒரு நாடக சபையை ஆரம்பித்தார். அப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத பையனுக்குப் புடவை கட்டி, சவுரி வைத்தால் கதாநாயகி தயார். மகரக்கட்டு உடைந்ததோ, போச்சு! அடுத்த நாளே வேறு பையன் வந்துவிடுவான். சிவாஜி கணேசன் சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்து போட்ட முதல் வேஷமே சீதைதான்.

'அப்படியானால் பெண்கள் மேடை ஏறவே இல்லையா?' என்று கேட்பீர்கள். ஏறினார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அதில் ராஜாவும் பெண், ராணியும் பெண்! அவருடைய நாடகத்தைப் பார்க்க ஓடிய ரயிலுக்கு ஜனங்கள் 'பாலாமணி ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்தார்கள். 1935-ல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தது யார் தெரியுமா? கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மயக்கம் வரவழைக்கிற தொகை!

பணம் வந்தது, புகழ் வந்தது. மரியாதை மட்டும் தகராறு செய்தது. 'கூத்தாடி' என்ற சொல்லை வசவாகவே வைத்திருக்கிற ஊர் நம் ஊர். ஆணை அப்படிச் சொன்னால் பாதி வசவு. பெண்ணைச் சொன்னால் முழு வசவு. தென் மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆராய்ந்த சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர், 2005-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தமிழ் மேடையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அவப்பெயர்தான் அந்தப் புத்தகத்தின் தலைப்பே!

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு பெண் நாடக மாணவி, ஒரு பாத்திரத்தை எப்படி உருவாக்கக் கற்றுக்கொள்கிறாள்?

மேலை நாட்டில் இதற்கென்றே ஒரு புத்தகம் உண்டு. ரிச்சர்ட் போலஸ்லாவ்ஸ்கி என்பவர் 1933-ல் எழுதியது. மாஸ்கோ ஆர்ட் தியேட்டரில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியிடம் பாடம் படித்து, பிறகு அமெரிக்கா போய் நாடகப் பள்ளி நடத்தியவர் அவர். புத்தகத்தில் ஓர் ஆசிரியரும் ஓர் இளம் மாணவியும் பேசிக்கொண்டே இருப்பார்கள். மொத்தம் ஆறு பாடங்கள். அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. வெறும் 'ஜீவன்' என்கிற மாதிரி ஒரு செல்லப் பெயர்தான். நாலாவது பாடம் பாத்திரப் படைப்பு. அந்தப் பெண்ணுக்கு ஷேக்ஸ்பியரின் ஒஃபீலியா வேஷம் கிடைத்திருக்கிறது, சரியாக வரவில்லை. உடம்பு, மனசு, உணர்ச்சி என்று பாத்திரத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார் ஆசிரியர். அந்தக் காலத்துப் பெண் எப்படி நின்றிருப்பாள், கையை எப்படி வைத்திருப்பாள் என்று தெரிய வேண்டுமா? பழைய ஓவியங்களைப் போய்ப் பார் என்கிறார்.

நம் ஊர்க் கூத்து மாணவிக்கு அப்படிப் போய்ப் பார்க்க மியூசியம் கிடையாது. அவளுக்கு மியூசியம், அவளுடைய வாத்தியார்தான்.

பெருங்கட்டூர் பி.ராஜகோபால் பரம்பரைக் கூத்துக் கலைஞர். 10 வயசிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் குழுவில் சேர்ந்தவர். அவரும், அவர் மனைவியான டச்சு ஆய்வாளர் ஹன்னே டி ப்ருயினும் சேர்ந்து 2002-ல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலத்தை ஆரம்பித்தார்கள். கிராமத்து ஏழைப் பிள்ளைகள் அங்கேயே தங்கி, பள்ளிப் பாடமும் படிக்கலாம், கூத்தும் படிக்கலாம். தனக்கு விட்டுப்போன படிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகக் கூடாது என்பது ராஜகோபாலின் எண்ணம். அதைவிடப் பெரிய சங்கதி, பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வழிவழியாக ஆண்களின் கையிலேயே இருந்த கலையில் இது சாதாரண விஷயம் இல்லை.

அதென்ன 'கட்டை'? கூத்தில் ராஜா வேஷக்காரர்கள் அணிகிற கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் மரத்தில் செதுக்கியவை. எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செய்து, மேலே கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாவும் ஒட்டியிருப்பார்கள். எடை குறைவு என்பது மரத்துக்குத்தான். தலை, தோள், மார்பு என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, காலில் சலங்கையோடு, ராத்திரி 10 மணிக்கு ஆரம்பித்து விடிகிற வரை ஆட வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள்!

ஒரு பெண் துரியோதனனைக் கற்றுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாடம் கால். பாதங்களை அகட்டி, முழங்காலை மடக்கி, பூமியை மிதித்து நிற்க வேண்டும். அடுத்து 'கிறுக்கி'. பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே மேடையைச் சுற்றி வருவது. பிறகு குரல். ஊர்க்கோடி வரை கேட்கிற உச்ச ஸ்தாயியில் வாய் திறந்து பாட வேண்டும். பிறகு கண். எதிரே இருப்பவனை எரிப்பது போல் பார்க்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்தது என்ன? காலை அகட்டி நிக்காதே... சத்தமாப் பேசாதே... ஆம்பளைங்களை நிமிர்ந்து பார்க்காதே! ஆக, துரியோதனனைக் கட்டுவதற்கு முன்னால் அவள் இன்னொரு பாத்திரத்தைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. 'அடக்கமான பெண்' என்கிற பாத்திரம். பரம்பரைக் கூத்துக் குடும்பத்துப் பையனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவன் அப்பாவின் பின்னாலேயே போய், ராத்திரியெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன்.

'சரி, திரௌபதி வேஷம் சுலபமாக இருக்குமே' என்று தோன்றலாம். அங்கேதான் வேடிக்கை! மேடையில் திரௌபதி எப்படி நடப்பாள், எப்படிக் கூந்தலை விரிப்பாள், எப்படிச் சபதம் போடுவாள் என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியவர்கள் ஆண்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணிடமிருந்து கற்றதை இப்போது ஒரு பெண் கற்றுக்கொள்கிறாள். பெண்ணாக நடிக்க ஒரு பெண்ணுக்கு ஆணிடம் பாடம்!

கூத்தில் பாத்திரம் மேடைக்கு வருகிற முறையே அலாதியானது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொள்வார்கள். பின்னால் நின்றபடி வேஷக்காரர் பாடுவார். கொஞ்சம் கிரீடம் தெரியும், கொஞ்சம் முகம் தெரியும். இன்னார் வருகிறார் என்று தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பாடுவார். திரை விலகும். கட்டியக்காரன் வருவான். அவன்தான் வாயில்காப்போன், கோமாளி, கதைசொல்லி எல்லாம். நீ யார், எந்த நாடு, அப்பா யார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று குடைந்து குடைந்து கேட்பான். பதில் சொல்லச் சொல்ல, 'அவன்' மெதுவாக 'நான்' ஆகிவிடுவான்.

போலஸ்லாவ்ஸ்கி பாடமாக எழுதியதைக் கூத்து ஜனங்களின் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறது! பாத்திரம் என்பது ரகசியமாக மனசுக்குள் தயாராகி வருவது இல்லை. கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லி, ஊர் ஒத்துக்கொண்ட பிறகுதான் அது முழுமையாகிறது.

வேஷத்தின் பலம் லேசுப்பட்டது இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் நடிகராக இருந்த காலத்தில் எமன் வேஷத்தில் அவர் ஆவேசமாக வந்ததைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் வேஷம் கட்டுவதை விட்டு, வாத்தியாராக மாறினாராம். தன் வேஷத்துக்குத் தானே பயந்தவர்!

குருகுலத்துப் பெண்கள் பயந்தது வேஷத்துக்கு இல்லை, கல்யாணத்துக்கு. கூத்து என்றால் ராத்திரி வேலை. திருவிழா மாதங்களில் வேனில் ஊர் ஊராகப் போக வேண்டும், கூட வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில் சிரித்துக்கொண்டே ஒரு நிபந்தனை வரும். 'கல்யாணத்துக்கு அப்புறம் கூத்து கீத்தெல்லாம் வேணாம்.' பல வருஷம் சேர்த்த அடவுகளும் பாட்டுகளும் அந்த ஒற்றை வாக்கியத்தில் பெட்டிக்குள் போய்விடும். அப்படி நின்றுபோனவர்கள் உண்டு. நிற்காமல், தொழில்முறைக் கலைஞர்களாக மேடை ஏறி, ஆண் வேஷமும் பெண் வேஷமும் போட்டுச் சம்பாதித்தவர்களும் உண்டு.

குருகுலம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. 18 வருஷம்! ஒரு கலையின் ஆயுளில் அது கண் சிமிட்டுகிற நேரம். ஆனால், அந்த நேரத்துக்குள் கூத்து வரலாற்றில் ஒரு விஷயம் நடந்து முடிந்துவிட்டது. பெண்ணால் விடிய விடியக் கட்டை கட்டி ஆட முடியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. ஆடிக் காட்டிவிட்டார்கள். பாக்கி இருப்பது, அவள் ஆடலாமா என்கிற கேள்வி. அதற்கான பதில் வாத்தியாரிடம் இல்லை. மாமியார் வீட்டில், ஊர்ப் பஞ்சாயத்தில், கூத்துக்குத் தேதி கொடுக்கிற நாட்டாமையிடம் இருக்கிறது.

நம்மிடமும் கொஞ்சம் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி பக்கம் திருவிழா சீசனில் போனால், சுவரில் 'இன்றிரவு கூத்து' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு ராத்திரி தூக்கத்தைத் தியாகம் செய்யலாம். திரை விலகும்போது நிற்கிற துரியோதனனின் கிரீடத்துக்குக் கீழே ஒரு பெண்ணின் முகம் தெரிந்தால், கட்டியக்காரன் கேட்பதற்கு முன்னால் நீங்கள் 'யார் நீ?' என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு அவள் ஏற்கெனவே நிறைய இடத்தில் பதில் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பாள்!